நின்று நின்று வெள்ளிமலைக்கு

தேனீப் பெட்டியோடு பேருந்தில் பயணம் செய்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது. பக்கத்து இருக்கை எப்போதும் காலியாகவே இருக்கும். மார்த்தாண்டத்தில் ஏறியபோது என் பக்கத்தில் உட்கார்ந்த பெரியவர் ஒருவர், "இதுல என்னம்மா, பலாப்பழமா?" என்று பெட்டியைத் தட்டினார். "தேனீ" என்றேன். சிரித்தார். குனிந்து காதை வைத்துக் கேட்டார். பிறகு எழுந்து முன்வரிசைக்குப் போய்விட்டார். நான் காலை நீட்டிப் படுத்துக்கொண்டேன்.

கள்ளக்குறிச்சியில் இறங்கும்போது பொழுது விடிந்துகொண்டிருந்தது. முந்தைய நாள் ஆயுத பூஜை. பேருந்து, லாரி, ஆட்டோ, கரும்புச்சாறு பிழியும் இயந்திரம் என்று எதைப் பார்த்தாலும் இரண்டு பக்கமும் வாழைக்கன்று, முகத்தில் சந்தனம், குங்குமம். நாணயம் போட்டு எடை பார்க்கும் இயந்திரத்துக்குக்கூட ஒரு முழம் சாமந்தி. ரோடெல்லாம் உடைத்த பூசணிக்காய். எங்கள் பக்கத்தில் புத்தகத்தை அடுக்கிப் பூஜையில் வைத்துவிட்டு, இரண்டு நாள் படிக்காமல் தப்பித்துக்கொள்வதுதான் விசேஷம். இங்கே இரும்பு எது கண்ணில் பட்டாலும் பொட்டு வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை போலிருக்கிறது.

நான் வந்தது சின்னப்பொண்ணுக்காக. கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் பக்கத்தில் அவள் ஊர். சென்ற வருடம் எங்கள் ஊரில் தேனீ வளர்ப்புப் பயிற்சிக்கு வந்தவள், என் வீட்டில் தங்கினாள், திரும்பும்போது ஒரு பெட்டியும் வாங்கிக்கொண்டு போனாள். ஒரு மாதத்துக்குள் எறும்பு ஏறி, தேனீக்கள் கூட்டத்தோடு பறந்துவிட்டன. அவள் ஊரில் பாறையிலும் மரத்திலும் தேன் எடுப்பவர்கள் நிறைய. "காட்டுல சும்மா கெடக்கறத இவ பொட்டியில வெச்சி வளக்கறாளாம்" என்று ஊரே சிரித்ததாம். புருஷனும் சேர்ந்து சிரித்ததுதான் அவளுக்குத் தாங்கவில்லை. "யக்கா, இன்னொரு வாட்டி பாக்கறேன். இந்த வாட்டியும் போச்சுன்னா பொட்டிய ஒடைச்சி அடுப்புல வெச்சிடுவேன்" என்று போனில் சொன்னாள். அந்தக் குரலைக் கேட்டுவிட்டு, கூரியரில் அனுப்புகிறேன் என்றா சொல்லமுடியும்? நானே கொண்டுவருகிறேன் என்று சொல்லிவிட்டேன். என்னிடம் இருந்ததிலேயே நல்ல கூட்டமாகப் பார்த்து எடுத்தேன். கோபம் குறைவு, சுறுசுறுப்பு அதிகம், ராணிக்கும் இளவயது.

தேனீயைக் கொண்டுபோவதில் ஒரே ஒரு சங்கடம்தான். சாயங்காலம் எல்லாம் கூடு திரும்பியதும் வாசலை அடைத்துவிட வேண்டும். மேலே சின்னக் கம்பிவலை ஒன்று மூச்சுக்கு இருக்கும். அடைத்த பெட்டி வெயிலில் நெடுநேரம் இருந்தால் உள்ளே மெழுகு இளகும், அடை அறுந்து விழும், மொத்தமும் தேனில் மூழ்கிச் சாகும். ஒரு தடவை பார்த்திருக்கிறேன், இன்னொரு தடவை பார்க்கிற தைரியம் எனக்கில்லை. சரி, வழியில் கொஞ்சம் திறந்துவிடலாமே என்றால் அதுவும் முடியாது. வெளியே போன தேனீ திறந்த இடத்துக்கேதான் திரும்பி வரும். பெட்டி அதற்குள் அடுத்த ஊருக்குப் போயிருக்கும். ஆகவே உச்சி வெயிலுக்கு முன்னால் மலையேறிவிட வேண்டும். என் திட்டமெல்லாம் அவ்வளவுதான்.

மலைக்குப் போகும் பேருந்தில் ஏறினேன். நடத்துனர் பெட்டியையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"இதுல இன்னாங்க சத்தம்?"

"தேனீ."

"எறங்குங்க."

பேச்சுவார்த்தை முடிந்தது. நல்லவேளை, மணிவண்ணனிடம் முன்பே சொல்லி வைத்திருந்தேன். அவன் வடக்கனந்தலில் கரும்பும் மக்காச்சோளமும் பயிரிடுகிறவன். அதே பயிற்சிக்கு வந்தவன்தான். தேனீ வளர்ப்பைவிட எங்கள் ஊர் மீன்குழம்பை நன்றாகக் கற்றுக்கொண்டு போனான். பஸ்ஸில் ஏற்றாவிட்டால் என் வண்டி இருக்கிறது என்று சொல்லியிருந்தான். இருந்தது. அதைத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"என்ன மணி, தள்ளிட்டு வாற?"

"ஒண்ணும் இல்லீங்கக்கா. லேசா மக்கர் பண்ணுது. நேத்துதான் பூஜ போட்டு, டேங்க் வழிய பெட்ரோல் ரொப்பிகினு வந்தேன். ஏமாத்தாது, வாங்க."

பழைய வண்டி. ஆனால் கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட அவ்வளவு அலங்காரம் பார்த்ததில்லை. இரண்டு சக்கரத்திலும் சந்தனம், கைப்பிடியில் சந்தனம், எல்லாவற்றுக்கும் மேல் பெட்ரோல் டேங்க் மூடியில் அப்பம் தட்டியதுபோல ஒரு சந்தனப் பொட்டு, நடுவில் குங்குமம். ஹெட்லைட்டில் மட்டும் ஒன்றும் இல்லை. ஏன் என்று கேட்டேன்.

"லைட்டு வண்டிக்குக் கண்ணுக்கா. கண்ணுல யாராச்சும் பொட்டு வெப்பாங்களா? டேங்க் மூடிதான் நெத்தி."

பெட்டியைப் பின்னால் கேரியரில் சாக்கு மடித்துப் போட்டு, சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டினோம். மணி உதைத்தான். வண்டி இருமியது. மறுபடி உதைத்தான். அதுவும் இல்லை.

ஒரு வண்டி கிளம்பவில்லை என்றால் நம் நாட்டில் ஆள் கூடுவதற்கு அழைப்பு தேவையில்லை. எதிர் டீக்கடையில் இருந்து ஓய்வுபெற்ற லாரி டிரைவர் ஒருவர் கிளாஸோடு எழுந்து வந்தார். எல்லோரும் கேட்கும் முதல் கேள்வியைத்தான் அவரும் கேட்டார்.

"பெட்ரோல் கீதா?"

மணி ரோஷத்தோடு மூடியைத் திறந்து காட்டினான். பெட்ரோல் ததும்பியது. "ஸ்பேனர் குடு, பிளக்க கழட்டிப் பாப்போம்" என்றார் டிரைவர்.

"டூல்ஸ் பை வூட்ல பூஜையில கீதுண்ணா."

டீக்கடைக்காரரிடம் கேட்டார். அவர் கடை ஸ்பேனரும் பூஜையில். பக்கத்து சைக்கிள் கடையில் கேட்டார். அங்கேயும் அப்படியே. அப்போதுதான் என் நிலைமை எனக்குப் புரிந்தது. வருடத்தில் ஒரே ஒரு காலை, இந்த ஜில்லாவில் உள்ள ஸ்பேனர், ஸ்க்ரூ டிரைவர், கட்டிங் பிளேயர் எல்லாம் சாமி முன்னால் ஓய்வெடுக்கின்றன. மறுநாள் நல்ல நேரம் பார்த்து, கற்பூரம் காட்டித்தான் எடுப்பார்களாம். அந்தக் காலையில் மக்கர் செய்யும் வண்டியில் நான் தேனீயோடு வந்திருக்கிறேன்.

டிரைவர் சளைக்கவில்லை. பிளக்கின் தொப்பியைக் கையாலேயே பிடுங்கி, ஊதி, வேட்டியில் துடைத்தார். "பின்னாடி இன்னா கொய்ங்குது, டைனமோவா?" என்று கேட்டவருக்கு நான் உண்மையைச் சொன்னதும், மிச்ச வேலையை ஒரு கையை மட்டும் நீட்டி, உடம்பைத் தெருவிலேயே வைத்துக்கொண்டு செய்து முடித்தார். மணி உதைத்தான். வண்டி சட்டென்று கிளம்பியது.

"கேப்பு லூசு. லாரி ஓட்டின கைய்யி இது" என்றார் டிரைவர். டீக்கடைக்காரர் ஒரு பொட்டலம் பொரியும் கடலையும் என் கையில் திணித்தார். அன்று முழுவதும் யாரைப் பார்த்தாலும் பொரிதான் கொடுத்தார்கள்.

ஊரைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் கரும்பு, மக்காச்சோளம், நடுநடுவே மரவள்ளி. எங்கள் ஊரில் ரப்பர் மர நிழலிலேயே வளர்ந்தவளுக்கு, இவ்வளவு வானத்தை ஒரே சமயத்தில் பார்ப்பது கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது. மணி அவன் கரும்பைப் பற்றிப் பேசிக்கொண்டே வந்தான். அந்தப் பேச்சில் ஒரு பூசணிக்காயைக் கவனிக்கவில்லை. முன்சக்கரம் வழுக்கியது. இருவரும் நான்கு காலையும் ஊன்றி எப்படியோ விழாமல் நின்றோம். பெட்டிக்குள் ஒரு பெரிய உறுமல் எழுந்து அடங்கியது. மணி, "ஒண்ணுமில்ல ஒண்ணுமில்ல" என்று சொன்னது எனக்கா தேனீக்கா தெரியவில்லை.

கொஞ்ச தூரம் போனோம். வண்டி விக்கியது, இழுத்தது, நின்றது.

கரும்பு லோடு இல்லாத டிராக்டர் ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டிவந்தவர் இறங்காமலே கேட்டார்.

"பெட்ரோல் கீதா?"

மூடியைத் திறந்து காட்டினோம். அவர் இறங்கி வந்து பெட்ரோல் டேப்பை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். ரோட்டோரம் கிடந்த கல்லை எடுத்து கார்பரேட்டரைப் பதமாகத் தட்டினார். "இப்ப ஒத" என்றார். கிளம்பிவிட்டது.

"கார்பரேட்டர்ல ஊசி மாட்டிக்கினு இருந்துச்சு. நம்ம டிராக்டருக்கும் இதே வைத்தியந்தான்" என்றார்.

பெட்டியை டிராக்டரில் ஏற்றிக்கொள்ள முடியுமா என்று கெஞ்சிப் பார்த்தேன். "ஏத்தலாங்க்கா. எறக்கும்போது உள்ள உசுரோட இருக்குமா?" என்று ட்ரெய்லரைக் காட்டினார். காலி ட்ரெய்லரில் ஒரு இரும்புச் சட்டி தானாகவே துள்ளிக்கொண்டிருந்தது. அவர் பங்குக்கு அவரும் பொரி கொடுத்துவிட்டுப் போனார்.

வடக்கனந்தலில் மணியின் வீட்டில் நிற்கப் போவதில்லை என்று நான் கறாராகச் சொல்லியிருந்தேன். வண்டிக்கு வேறு அபிப்பிராயம். அவன் தெருமுனையில், ஒரு மெக்கானிக் கடை வாசலிலேயே போய் நின்றுவிட்டது. சாமியாகப் பார்த்து நிறுத்தியதுபோல இருந்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். ஒரு பலகையில் வாழை இலை, அதன்மேல் சின்னதிலிருந்து பெரியது வரை வரிசையாக ஸ்பேனர்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பொட்டு.

"எடுத்து ஒரு நிமிஷம் பாருங்களேன்" என்றேன்.

மெக்கானிக் நாக்கைக் கடித்துக்கொண்டார். "சாமிகிட்ட கீதுங்க. ராவு காலம் போயி, கல்பூரம் காட்டினாதான் கைய வெக்கலாம். வருஷம் பூரா சோறு போடற சாமானு. ஒரு நாள் உக்கார வெச்சிட்டு, பாதியில ஏந்திரின்னா நல்லாவா இருக்கும்?"

எனக்குச் சுறுசுறுவென்று கோபம் வந்தது. பெட்டிக்குள் ஒரு ஊரே வெந்துகொண்டிருக்கிறது, இவர் ஸ்பேனருக்கு லீவு கொடுக்கிறார். வாய்வரை வந்த வார்த்தையை விழுங்கிக்கொண்டேன். யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. எனக்குத்தான் நேரம் இல்லை.

"ஆனா கைய சாமிகிட்ட வெக்கலியே" என்று சொல்லிவிட்டு மெக்கானிக் வெளியே வந்தார். பெட்டியை இறக்கி வேப்பமர நிழலில் வைக்கச் சொன்னார். மூடியைத் திறந்து பெட்ரோலை மோந்து பார்த்தார். டேங்கில் காதை வைத்தார். வண்டியை இடமும் வலமுமாக, தொட்டிலை ஆட்டுவதுபோல ஆட்டினார். சோக்கைப் போட்டு உதைத்தார். கிளம்பியது.

"டேங்க்ல குப்பைங்க. ஆட்டினா போயிடும்."

அதற்குள் மணியின் மனைவி செல்வி ஒரு தட்டோடு ஓடிவந்துவிட்டாள். சூடான இட்லி, மல்லாட்டை சட்னி. நிலக்கடலைக்கு இங்கே மல்லாட்டை என்று பெயர். நின்றபடியே சாப்பிட்டேன். நான் வண்டியை அணைக்க விடவில்லை. அது உறுமிக்கொண்டே நிற்க, அதன் பக்கத்தில் நின்று, இன்னும் ஒரு கரண்டி, இன்னும் ஒரு கரண்டி என்று செல்வி ஊற்ற, அவ்வளவு அவசரத்திலும் அந்தச் சட்னியின் ருசி நாக்கில் நின்றது. தேங்காய்ச் சட்னி ஊர்க்காரியான நான் இதை எழுத்தில் ஒப்புக்கொள்வது லேசில்லை.

"சந்தனம் கலையாம கீது பாருங்கக்கா" என்று செல்வி பெருமையாக டேங்க் மூடியைக் காட்டினாள். "வெயில்ல காஞ்சி ஓடாட்டம் புடிச்சிக்கிச்சு. நானே அரைச்சது."

வழியில் இருந்த அணையைத் தாண்டியதும் மலை ஆரம்பித்தது. வளைவுக்கு வளைவு காற்று மாறியது. கீழே நீர்த்தேக்கம் தட்டையாகப் பளபளத்தது. எங்கள் பக்கத்து மலைகளில் மேகம் பிடிவாதமாகத் தொங்கிக்கொண்டிருக்கும். இங்கே மலை முழுக்க வெட்டவெளிச்சம், பாறை, மூங்கில், கடுக்காய் மரம். நான் மனதுக்குள் நன்றி சொல்ல ஆரம்பித்தேன். சொல்லி முடிக்கவில்லை. வண்டி விக்கி நின்றுவிட்டது.

முன்னும் பின்னும் ஆள் இல்லை. நிழலும் இல்லை. வலது பக்கம் பாறை, இடது பக்கம் பள்ளம், தலைக்கு மேல் சூரியன்.

மணி கற்றுக்கொண்ட வைத்தியங்களை எல்லாம் ஒவ்வொன்றாகச் செய்தான். பிளக் தொப்பியைப் பிடுங்கி ஊதினான். டேப்பைத் திருப்பி, கல்லால் தட்டினான். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வண்டியை ஆட்டினோம். ஒன்றும் நடக்கவில்லை. "தள்ளி ஸ்டார்ட் பண்லாம்" என்று வண்டியில் ஏறி இறக்கத்தில் உருண்டு போனான். வண்டி கிளம்பவில்லை. ஒரு வளைவு கீழே போய்விட்டவன், வியர்த்து ஒழுக, தள்ளிக்கொண்டே மறுபடி மேலே வந்தான். பாவமாகவும் இருந்தது, சிரிப்பும் வந்தது.

பிறகு பெட்டியில் கையை வைத்தேன். சிரிப்பு போய்விட்டது. பலகை சுட்டது. அதுவரை ஒரே சீராக இருந்த ரீங்காரம் மேலேறி, கீச்சென்று, அழுகைபோல ஆகியிருந்தது. உள்ளே எல்லாம் சேர்ந்து சிறகால் விசிறிக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். குடிக்க வைத்திருந்த தண்ணீரை எல்லாம் துண்டில் ஊற்றிப் பெட்டியின்மேல் போர்த்தினேன். சத்தம் இறங்கவில்லை. எனக்கு அழுகை முட்டியது. சின்னப்பொண்ணு மேலே காத்துக்கொண்டிருப்பாள். அவளிடம் ஒரு பெட்டிப் பிணத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பதைவிட, வாசலைத் திறந்து பாதியையாவது பிழைக்க விடலாம் என்று தோன்றியது. வாசலை அடைத்த தக்கையில் விரலை வைத்துவிட்டேன்.

"வாணாங்கக்கா, கொஞ்சம் இருங்க" என்றான் மணி. "தெறந்தீங்கன்னா அதுங்க இங்கியே தேடிக்கினு கெடக்கும்."

விரலை எடுத்தேன். துண்டை விலக்கி, மேலே இருந்த கம்பிவலையைக் குனிந்து பார்த்தேன். பூசணிக்காயில் வழுக்கியபோது கலைந்த மெழுகுத் தூளும், செத்த தேனீக்களும் வலையின் உள்பக்கம் வந்து அப்பிக்கொண்டு, பாதிக் கண்களை அடைத்திருந்தன. தலையிலிருந்து ஹேர்பின்னை எடுத்து ஒவ்வொன்றாகக் குத்தி விலக்கினேன். கொஞ்ச நேரத்தில் ரீங்காரம் ஒரு படி இறங்கியது. பெட்டிக்கு மூச்சு வந்துவிட்டது.

அப்படியே ஹேர்பின்னும் கையுமாக நிமிர்ந்தபோதுதான் எனக்குப் பொறி தட்டியது.

"மணி, இந்த பெட்ரோல் டேங்க் எது வழியா மூச்சு விடும்?"

"இன்னாக்கா கேக்கறீங்க? டேங்க் இன்னா மாடா?"

"பெட்ரோல் கீழ எறங்கணும்னா மேல இருந்து காத்து உள்ள போகணும்லா? டின்ல எண்ணெய் ஊத்துறதுக்கு ரெண்டு ஓட்டை போடுவோமே, அது மாதிரி."

நான் சொல்லிக்கொண்டே போனேன். டீக்கடை டிரைவர் ஒன்று செய்தார், டிராக்டர்காரர் வேறொன்று செய்தார், மெக்கானிக் இன்னொன்று செய்தார். மூன்றும் வெவ்வேறு. ஆனால் அதற்கு முன்னால் மூன்று பேரும் ஒரே காரியத்தைச் செய்தார்கள். பெட்ரோல் இருக்கிறதா என்று மூடியைத் திறந்தார்கள். இங்கே நாம் எல்லாம் செய்தோம், அதை மட்டும் செய்யவில்லை. டேங்க் நிறைந்துதான் இருக்கிறது என்று நமக்குத் தெரியுமே.

மணி மெதுவாக மூடியைத் திருகினான். "உஸ்ஸ்ஸ்" என்று நீளமாக ஒரு சத்தம். ஒவ்வொரு தடவை திறந்தபோதும் அது வந்துதான் இருக்க வேண்டும். தேனீ ரீங்காரத்திலும் ஆட்கள் பேச்சிலும் யார் கவனித்தது? மூடியைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு ஒரு உதை. வண்டி கிளம்பியது.

மூடியைத் திருப்பிப் பார்த்தோம். நடுவில் ஊசி முனை அளவு ஓட்டை ஒன்று. மேல்பக்கம் சரியாக அதன்மேல்தான் செல்வி அரைத்த சந்தனம், ஓடுபோலக் காய்ந்து உட்கார்ந்திருந்தது. டேங்க் வழிய பெட்ரோல் இருந்ததால் உள்ளே காற்றுக்கும் இடமில்லை. கொஞ்ச தூரம் ஓடுவதற்குள் மூச்சுத் திணறிவிடுகிறது. நெற்றியில் வைத்த பொட்டு மூக்கை அடைத்துவிட்டது.

ஹேர்பின்னை நீட்டினேன். மணி வாங்கவில்லை. "பூஜ சந்தனம்க்கா, அதப் போயி சொரண்டறதா?" என்று தயங்கினான். பெட்டியைக் காட்டினேன். மூடியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். நகத்தாலேயே பதமாகப் பெயர்த்து எடுத்தான். எடுத்த சந்தனத்தைக் கீழே போடாமல், ஈரத் துண்டைத் தொட்டுக் குழைத்து அவன் நெற்றியில் இட்டுக்கொண்டான். எனக்கும் ஒரு பொட்டு வைத்தான். அதன் பிறகுதான் ஹேர்பின்னை வாங்கி ஓட்டையைக் குத்திவிட்டான். அந்த வெயிலில், அந்த அவசரத்தில், அவன்மேல் எனக்கு அளவில்லாத பிரியம் வந்தது.

அதற்குப் பிறகு வண்டி ஒரு இடத்திலும் நிற்கவில்லை.

சின்னப்பொண்ணு ரோட்டிலேயே நின்றுகொண்டிருந்தாள். பெட்டியை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். பலாமரத்து நிழலில் பெட்டிக்கு நான்கு கால் நட்டு வைத்திருந்தாள். ஒவ்வொரு காலும் ஒரு டின்னுக்குள், டின் நிறையத் தண்ணீர். இனி எந்த எறும்பும் ஏற முடியாது. பெட்டியை வைத்து வாசலைத் திறந்தேன். உள்ளே சத்தமே இல்லை. ஒன்றும் வெளியே வரவில்லை. பலகையைச் சற்றுத் தூக்கியபோது ஒரு கைப்பிடி செத்த தேனீக்கள் உதிர்ந்தன.

"போச்சாக்கா?" என்றாள்.

ராணி பிழைத்திருக்கிறதா என்று திறந்து பார்க்கலாம். ஆனால் களைத்துப்போன கூட்டத்தைக் கலைத்தால் மறுபடி பறந்துவிடும். "இன்னைக்குத் தொட வேண்டாம். நாளைக்குக் காலையில தெரியும். ராணி உசிரோட முட்டை வச்சா, குஞ்சுக்குத் தீனி வேணும். வெளியே போற தேனீ காலுல மகரந்தம் உருட்டிட்டு வரும். அது வந்தா கூடு பிழைச்சுட்டுன்னு அர்த்தம்" என்றேன்.

அவள் புருஷன் அண்ணாமலை தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சிரிக்கவில்லை என்றாலும் வாய் தயாராக இருந்தது. "காத்தும் தண்ணியும் வேற ஊர்ல இருந்து கூட்டியாந்து வுட்டா அதுக்கு இங்க புடிக்குமா?" என்றார். சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டார்கள். நல்ல சாப்பாடு. எனக்கு இறங்கவில்லை. மணி என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டான். பொழுது சாயும்போது நாலைந்து தேனீக்கள் வெளியே வந்து, பெட்டியைப் பார்த்தபடியே காற்றில் ஆடி, இடத்தை மனப்பாடம் செய்துவிட்டு உள்ளே போயின. அந்த நாலைந்தை நம்பித்தான் நான் தூங்கினேன்.

மறுநாள் எழுந்து போனபோது சின்னப்பொண்ணு பெட்டிக்கு முன்னால் குந்தியிருந்தாள். எப்போதிலிருந்து என்று கேட்கவில்லை. மலையில் காலைக் குளிர் இன்னும் விலகவில்லை. தேனீக்கள் ஒன்றிரண்டாகக் கிளம்பிப் போய்க்கொண்டிருந்தன. வெறும் காலோடு போயின, வெறும் காலோடு திரும்பின. ஒன்று, இன்னொன்று. வருடக்கணக்காகத் தேனீ வளர்க்கிறேன், முதல் பெட்டி வைத்தவளைப்போல உட்கார்ந்திருந்தேன். அண்ணாமலை டீ டம்ளரோடு வந்து எங்களுக்குப் பின்னால் நின்றார்.

"யக்கா, தோ, தோ!" என்றாள் சின்னப்பொண்ணு.

ஒரு தேனீ கனத்துத் தாழ்ந்து வந்து வாசல் பலகையில் இறங்கியது. இரண்டு பின்னங்காலிலும் கடுகளவு மஞ்சள் உருண்டை. பின்னாலேயே இன்னொன்று. அதற்கு வெளிர் ஆரஞ்சு. இந்த மலையில் எந்தப் பூ அது என்று எனக்கே தெரியாது. அதற்குள் இவை கண்டுபிடித்துவிட்டன. நான் சின்னப்பொண்ணைக் கட்டிக்கொண்டேன். அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். நானும்தான்.

அண்ணாமலை டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, மண்டியிட்டு, பலகையின் அருகே முகத்தைக் கொண்டுபோனார். "இத்த எதுக்கு உள்ள எடுத்துகினு போவுது?" என்று கேட்டார். குஞ்சுகளுக்கு ஊட்ட என்றேன். பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல் அங்கேயே இருந்தார்.

கிளம்பும் நேரம் வந்தது. மணி வாசலில் வண்டியைத் துடைத்து, கெத்தாக ஏறி உட்கார்ந்து, எல்லோரும் பார்க்கிறார்களா என்று ஒரு தடவை பார்த்துக்கொண்டு, உதைத்தான். ஒரே உதை. வண்டி கணீரென்று கிளம்பி உறுமியது. மணி முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

அண்ணாமலை இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு ஓடிவந்தார்.

"யோவ், நிறுத்துய்யா, நிறுத்து! பொட்டிக்குள்ள கொழந்திங்க கீது. ரோடு வரைக்கும் தள்ளிகினு போயி ஸ்டார்ட் பண்ணு!"

நானும் மணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வண்டியை அணைத்தான். ரோடு வரைக்கும் தள்ளிக்கொண்டு போனோம்.